‘முன்னாள்’ என்றொரு சொல்

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. முதுகலை இறுதித் தேர்வுக்காகப் புறப்பொருள் இலக்கணத்தை உருப்போட்டுக்கொண்டிருந்த நாட்கள். விடுதியின் வாசிப்பறையில் கிடந்த நாளிதழைப் புரட்டியபோது விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு செய்தி கண்ணில் பட்டது. ஃபெராரி அணியின் முன்னாள் கார்ப் பந்தய வீரர் மிகேலே அல்போரெட்டோ ஜெர்மனியில் சோதனை ஓட்டத்தின்போது விபத்தில் இறந்தார் என்பது செய்தி. நான்கைந்து வரிகள். படம் இல்லை.

அந்தச் செய்தியில் பிழை ஏதும் இல்லை. அவர் ஃபெராரி அணிக்காக ஓட்டியவர்தான். 1988-இல் அந்த அணியை விட்டு விலகியவர்தான். ஆயினும் அந்த ‘முன்னாள்’ என்ற சொல் நம்மை அன்று உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஏனெனில் அச்செய்தி வெளியாவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்புதான் அம்மனிதர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செப்ரிங் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தை வென்றிருந்தார். வென்ற கையோடு அடுத்த பந்தயத்துக்கான காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இறந்த ஒருவரை ‘முன்னாள்’ என்று எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. இலக்கிய வாசகர்களிடம் கார்ப் பந்தயம் பேசுவது பொருத்தமா என்று கேட்போர் இருக்கலாம். ஒருவருடைய வாழ்க்கையை எப்படிக் கதையாகச் சொல்கிறோம் என்பது இலக்கியத்தின் கேள்விதான் என்பதே நம் விடை.

*

அல்போரெட்டோவின் கதையை இத்தாலியிலும் வெளியிலும் பெரும்பாலோர் சொல்லும் முறை ஒன்று உண்டு. 1956 டிசம்பரில் மிலான் நகரில் பிறந்தார். 1981-இல் டிரெல் அணியின் வழியே ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குள் நுழைந்தார். 1982-இல் லாஸ் வேகஸிலும் 1983-இல் டெட்ராய்ட்டிலும் வென்றார். 1984-இல் ஃபெராரி அவரை அழைத்துக்கொண்டது. 1985-இல் உலகப் பட்டத்தின் வாசல்வரை சென்றார்; கார் கைவிட்டது; பட்டம் போயிற்று. அதன்பின் இறங்குமுகம். கடைசியில் எங்கோ ஒரு விபத்து. ஏற்றம், உச்சம், வீழ்ச்சி, முடிவு என்ற நான்கு படிகளில் கதை கச்சிதமாக அடங்கிவிடுகிறது. கச்சிதமாக அடங்கும் வாழ்க்கைக் கதைகள்மீது ஐயம் கொள்ள வேண்டும் என்பதை வகுப்பறையில் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம். நாமும் அதைக் கடைப்பிடிக்க வேண்டுமல்லவா?

இந்தக் கதையில் விடுபட்டுப்போவது எது என்று பார்த்தால், ஒரு முழுப் பாதி விடுபடுகிறது. 1981-இல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த அதே ஆண்டில் அவர் லான்சியா நிறுவனத்துக்காக நெடுநேரப் பந்தயங்களிலும் ஓட்டினார். அவ்வாண்டு அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் களத்தில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயத்தை ரிக்கார்தோ பத்ரேஸேயுடன் இணைந்து வென்றார். 1982-இல் லான்சியா எல்சி1 காரில் சில்வர்ஸ்டோன், நூர்பர்க்ரிங், முஜெல்லோ ஆகிய களங்களில் வென்ற அணிகளில் அவர் பெயர் இருக்கிறது. லாஸ் வேகஸில் அவர் பெற்ற முதல் ஃபார்முலா ஒன் வெற்றியோ அவ்வாண்டு செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. அதாவது, தனித்து வெல்வதற்கு முன்பே பகிர்ந்து வெல்லக் கற்றவர் அவர். நெடுநேரப் பந்தயம் அவருக்கு ஓய்வுக்காலப் புகலிடம் அன்று, பிறந்த வீடு. நாற்பது வயதில் அவர் அங்கே ‘போய்ச் சேரவில்லை’, திரும்பி வந்தார்.

*

ஃபெராரிக் காலத்தைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அதன் கனத்தை அறியாமல் பின்னர் நிகழ்ந்தவற்றின் பெருமையை அறிய முடியாது.

இத்தாலியின் பெருமிதமான அந்தச் சிவப்புக் காரை இத்தாலியர் ஒருவர் ஓட்டுவதென்பது எளிய செய்தியாக இருந்ததில்லை. 1957-இல் எவுஜெனியோ காஸ்தெல்லோத்தி மொதெனாவில் சோதனை ஓட்டத்தின்போது இறந்தார். 1958-இல் லூயிஜி முஸ்ஸோ ரேம்ஸில் இறந்தார். 1967-இல் லொரென்ஸோ பந்தீனி மொனாக்கோவில் தீக்காயமுற்று இறந்தார். மூவரும் இத்தாலியர், மூவரும் ஃபெராரி காரில் இருந்தனர். முஸ்ஸோவின் மறைவுக்குப் பின் வாட்டிகனின் நாளிதழ், தன் பிள்ளைகளைத் தானே விழுங்கிய சாட்டர்ன் என்னும் பழங்கடவுளோடு என்ஸோ ஃபெராரியை ஒப்பிட்டு எழுதிற்று. தாய்நாட்டு வீரன் ஒருவன் இறந்தால் நாடே திரண்டு தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்பதை அந்த முதியவர் அறிந்திருந்தார். 1973-இல் ஆர்த்தூரோ மெர்ஸாரியோ விலகியபின் பத்தாண்டுகளுக்கு மேல் இத்தாலியர் எவரும் அவ்வணியின் நிலையான வீரராக இல்லை. அந்த இடைவெளியை முடித்துவைத்தவர் அல்போரெட்டோ.

1984-இல் பெல்ஜியத்தின் ஸோல்டர் களத்தில் வென்றார். 1985-இல் கனடாவிலும் ஜெர்மனியிலும் வென்றார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நூர்பர்க்ரிங் வெற்றிக்குப் பின் பட்டியலில் முதலிடம் அவருடையது. ஆஸ்திரியா பந்தயம் முடிந்தபோது அலென் ப்ரோஸ்டும் அவரும் ஆளுக்கு 50 புள்ளிகள். நெதர்லாந்தில் நான்காம் இடம், 53 புள்ளிகள். அங்கேயே நின்றுவிட்டது கணக்கு. எஞ்சிய ஐந்து பந்தயங்களில் ஒரு புள்ளிகூட வரவில்லை. எஞ்சினோ, டர்போவோ, கிளட்சோ, கியரோ ஏதாவதொன்று ஒவ்வொரு முறையும் கைவிட்டது. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் டர்போ வெடித்துக் காரின் பின்புறம் தீப்பற்றியது. வழக்கமாக ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி இறங்கிவிடுவார். அல்போரெட்டோ எரியும் காரையே ஓட்டிக்கொண்டு பிட் பாதைக்குள் வந்து தம் அணியின் முன்னே நிறுத்தினார். அன்றுதான் ப்ரோஸ்ட் உலகப் பட்டத்தை உறுதி செய்துகொண்டார். ஆண்டின் முடிவில் ப்ரோஸ்டுக்கு 73 புள்ளிகள். இவருக்கு அதே 53.

சொல்லாமல் சொன்ன அந்தக் குற்றச்சாட்டை இன்றளவும் பலர் நினைவுகூர்கின்றனர். 1953-இல் அல்பெர்த்தோ அஸ்காரி பெற்றபின் எந்த இத்தாலியருக்கும் வாய்க்காத பட்டம் அது. ஆகவே இத்தாலியருக்கு அந்தத் தீ, முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பின்மேல் பற்றிய தீயாயிற்று. ஃபெராரி காரில் ஃபார்முலா ஒன் பந்தயம் வென்ற கடைசி இத்தாலியர் என்ற குறிப்பு அன்றிலிருந்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புகழ்போலத் தோன்றும் இக்குறிப்பு உண்மையில் ஒரு பூட்டு. மனிதரை 1985-க்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

*

1989 முதல் 1994 வரையிலான ஆறாண்டுகளை ‘வீழ்ச்சி’ என்று எழுதுவோர் முற்றிலும் தவறு செய்யவில்லை. மீண்டும் டிரெல், பின் லாரூஸ், ஆரோஸ் எனப்பட்டுப் பின்னர் ஃபுட்வர்க் என்று பெயர் மாறிய அணி, ஸ்குதேரியா இத்தாலியா, முடிவில் மினார்தி என்று சிறிய அணிகளில் அலைந்தார். 1989-இல் மெக்சிகோவில் மூன்றாம் இடம் பெற்றது அக்காலத்தின் ஒரே மேடை. 1991-இல் ஃபுட்வர்க் காரில் போர்ஷே நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அளவுக்கு மீறிய எடை, போதாத திறன். பந்தயத்தில் நுழைவதற்கான தகுதிச் சுற்றையே தாண்ட முடியாமல் முன்னாள் ஃபெராரி வீரர் வெளியே நின்றார். ஆண்டின் நடுவிலேயே அந்த எஞ்சின் கைவிடப்பட்டது.

1994 மே முதல் நாள் இமோலாவில் ஐர்ட்டன் சென்னா இறந்த பந்தயத்திலும் அவர் இருந்தார். அன்று பிட் பாதையிலிருந்து புறப்பட்ட அவருடைய மினார்தியின் பின்சக்கரம் கழன்று ஓடி, அங்கு நின்றிருந்த பிற அணிகளின் பணியாளர்களைக் காயப்படுத்தியது. இத்தொழிலில் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் அன்று கண்ணால் கண்டார். அவ்வாண்டு இறுதியில் ஃபார்முலா ஒன்னை விட்டு நீங்கினார். 194 பந்தயங்கள், 5 வெற்றிகள். தலைக்கவசம் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை அதே நீலமும் மஞ்சளும்தான். இளமையில் தாம் கொண்டாடிய சுவீடன் வீரர் ரோனி பீட்டர்சனின் நிறங்கள் அவை. பீட்டர்சன் 1978-இல் மோன்ஸா பந்தயத்து விபத்தின் விளைவாக இறந்தவர். இறந்த ஒருவரின் நிறத்தைத் தலையில் சூடிக்கொண்டே தம் தொழிற்காலம் முழுவதையும் ஓட்டியவரிடம் போய் ஆபத்தைப் பற்றி எவரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

*

இனி நெடுநேரப் பந்தயத்துக்கு வருவோம். இதை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள்.

பிரான்சில் லெ மான் நகரத்துக்கு வெளியே 1923 முதல் நடந்துவரும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயமே இவ்வகையில் தலையாயது. களத்தின் சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல். அதன் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர்மக்கள் செல்லும் பொதுச்சாலை. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி ஞாயிறு பிற்பகல் முடியும். ஒரு காருக்கு இப்போதெல்லாம் மூன்று ஓட்டுநர். ஒருவர் ஓட்டும்போது ஒருவர் உறங்க முயல்வார். மற்றொருவர் அடுத்த முறைக்குக் காத்திருப்பார். வேகத்தில் மிகவும் வேறுபட்ட கார்கள் ஒரே சாலையில் ஓடுவதால் இரவு முழுக்க யாரையாவது முந்திக்கொண்டும் யாருக்காவது வழி விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். எரிபொருளும் டயரும் பிரேக்கும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டியவை.

இவற்றினும் நுட்பமான ஒன்று உண்டு. மூன்று உடல்களுக்கு ஓர் இருக்கை. உயரமானவரும் குள்ளமானவரும் அதே மிதிகட்டைகளை எட்ட வேண்டும். காரின் அமைப்பு மூவருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அதாவது எவருக்கும் முழுமையாக ஏற்றதாக இராது. தம் விருப்பத்தில் ஒரு பங்கை மூவரும் விட்டுத்தர வேண்டும். தமக்குப் பின் ஏறுபவருக்குக் காரை நல்ல நிலையில் ஒப்படைப்பது ஒவ்வொருவரின் கடமை. ஒருவர் ஒரு நொடியைச் சேமிக்கப்போய்க் கியர்பெட்டியைக் கெடுத்தால் மற்ற இருவரின் இரவு வீணாகும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒரே அணியின் இரண்டாம் வீரர்தான் முதல் எதிரி. ஏனெனில் அதே காரை ஓட்டுபவர் அவர் ஒருவரே. அவரோடு ஒப்பிட்டுத்தான் இவரின் திறம் அளக்கப்படும்.

இப்பின்னணியில் 1997-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். யோஸ்ட் என்னும் ஜெர்மானியத் தனியார் அணி, போர்ஷே டபிள்யூஎஸ்சி-95 என்ற காரோடு லெ மானுக்கு வந்தது. அக்காரின் உடற்கூடு ஜாகுவார் பந்தயக்கார் ஒன்றிலிருந்து வந்தது, எஞ்சின் போர்ஷேயுடையது. போர்ஷே நிறுவனம் தன் முழு நம்பிக்கையை வேறொரு காரின்மேல், 911 ஜிடி1 மேல், வைத்திருந்தது. யோஸ்டின் காரை முந்தைய ஆண்டில் வேறு மூவர் ஓட்டி வென்றிருந்தனர். ஆகவே அது ஒரு பழைய கார். அதை ஓட்ட வந்தவர்களில் ஒருவர் அல்போரெட்டோ. இரண்டாமவர் சுவீடன் நாட்டு ஸ்டீஃபன் ஜோஹான்சன். 1985-இலும் 1986-இலும் ஃபெராரியில் அல்போரெட்டோவின் அருகில் நின்ற அதே இரண்டாம் வீரர். இருவருக்கும் வயது நாற்பது. மூன்றாமவர் டென்மார்க்கைச் சேர்ந்த டாம் கிறிஸ்டென்சன். இருபத்தொன்பது வயது, லெ மானுக்குப் புதியவர், பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னர்தான் அழைக்கப்பட்டவர்.

தகுதிச் சுற்றில் முதலிடத்தைப் பெற்றுத் தந்தவர் அல்போரெட்டோ. முந்தைய தலைமுறைக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர், தொழிற்சாலை அணிகள் அனைத்தையும் விட வேகமாக ஒரு சுற்றை ஓட்டிக்காட்டினார். இரவில் காரை இளைஞரிடம் கொடுத்தார்கள். பந்தயத்தின் மிக விரைவான சுற்று கிறிஸ்டென்சனுடையது. முன்னணியில் இருந்த தொழிற்சாலையின் 911 ஜிடி1 கார், முடிவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கையில் தீப்பற்றி நின்றது. 361 சுற்றுகளை நிறைவு செய்து யோஸ்டின் கார் வென்றது. இரண்டாமிடத்து மெக்லாரன் ஒரே ஒரு சுற்றுதான் பின்தங்கியிருந்தது.

1985-இல் தம் கார் எரிந்ததால் பட்டம் இழந்தவர், 1997-இல் பிறர் கார் எரிந்ததால் வெற்றி பெற்றார் என்று எழுதி முடிக்க நமக்கும் ஆசைதான். அது மலிவான அணி. அந்த ஒரு சுற்று இடைவெளியை முந்தைய இருபத்திரண்டு மணி நேரம் ஈட்டி வைத்திருக்கவில்லையென்றால் தீ எவருக்கும் உதவியிராது. நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரே சிவப்புக் காருக்காக ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த இருவர், பன்னிரண்டாண்டுகள் கழித்து ஒரே இருக்கையில் மாறி மாறி அமர்ந்து, இரவின் கடினமான பங்கைத் தம்மிலும் விரைந்த இளைஞனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த இளைஞர் பிற்காலத்தில் லெ மானை ஒன்பது முறை வென்று எவரும் எட்டாத இடத்தை அடைந்தார். அந்த ஒன்பதில் முதலாவதில் அல்போரெட்டோவின் பெயரும் இருக்கிறது. ஃபார்முலா ஒன் பட்டியலில் இத்தகைய பெயர்ச் சேர்க்கைக்கு இடமில்லை. தனிப்பாடலுக்கு ஒரு புலவர் போதும். தொகைநூலுக்குப் பலர் வேண்டும். தொகையில் இடம்பெற்றதனால் எந்தப் புலவரும் சிறுத்துப் போனதில்லை.

*

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நெடுநேரப் பந்தயம் ஃபார்முலா ஒன்னில் கழிக்கப்பட்டோரின் மடம் என்றும், அங்குப் பெறும் வெற்றியை இங்குள்ள தோல்விக்கு ஈடாகக் காட்டுவது ஆறுதல் சொல்லும் தந்திரம் என்றும் சொல்வோர் உண்டு. ஓரளவு உண்மை இதில் இருக்கிறது. 1985-இன் பட்டத்தை 1997-இன் லெ மான் திருப்பித் தரவில்லை. இரண்டும் வெவ்வேறு தராசுகள். நாம் சொல்வது அவை சமம் என்பதன்று; ஒன்றன் தராசில் மற்றொன்றை நிறுக்கக் கூடாது என்பதே. நல்ல நாவலாசிரியர் ஒருவர் பிற்காலத்தில் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டால் அதை ‘வீழ்ச்சி’ என்று எழுதும் விமர்சகர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அதே பார்வைக் கோளாறுதான் இதுவும்.

1999-இல் ஆடி நிறுவனம் லெ மானுக்கு முதன்முறையாக வந்தபோது தேர்ந்துகொண்ட ஓட்டுநர்களில் அல்போரெட்டோ ஒருவர். அவ்வாண்டு நான்காம் இடம். மெர்சிடிஸ் கார்கள் காற்றில் எழும்பிக் குட்டிக்கரணம் அடித்த ஆண்டும் அதுவே. 2000-இல் புதிய ஆடி ஆர்8 காரில் மூன்றாம் இடம். அவ்வாண்டு அமெரிக்காவில் பெதி லெ மான் பந்தயத்தை ஆலன் மெக்நிஷ், தம் நாட்டவரான ரினால்தோ கப்பெல்லோ ஆகியோருடன் வென்றார். 2001 மார்ச்சில் கப்பெல்லோ, லோரான் ஐயெல்லோ ஆகியோருடன் செப்ரிங். நாற்பத்து நான்கு வயதில் அவர் ஓட்டியது அக்காலத்தின் மிகச் சிறந்த பந்தயக்கார்; ஆர்8 லெ மானை ஐந்து முறை வென்றது. அக்காரை உருவாக்கும் பணியில் அவருக்கும் பங்குண்டு. கழிக்கப்பட்ட ஒருவருக்கு எவரும் இந்தக் காரைத் தருவதில்லை.

2001 ஏப்ரல் 25. ஜெர்மனியின் பிராண்டென்பர்க் மாநிலத்தில் உள்ள லவுசிட்ஸ்ரிங் களத்தில் அவர் ஆர்8 காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். பின்புற டயர் ஒன்றில் காற்று மெல்லக் குறைந்திருந்தது. நேர்பாதையில் மிகுவேகத்தில் கார் நிலைதவறி எழும்பி விழுந்தது. அன்று பந்தயம் இல்லை, பார்வையாளர் இல்லை, எதிராளி இல்லை. வீட்டில் மனைவியும் இரு மகள்களும் இருந்தனர்.

இந்த மரணத்தைப் பற்றி இருவகைப் பேச்சுகள் உண்டு. முதலாவது, ‘தாம் நேசித்ததைச் செய்துகொண்டே இறந்தார்’ என்பது. கேட்க இனிமையாக இருக்கும் இவ்வாக்கியத்தை நாம் ஏற்பதில்லை. டயரில் காற்றுக் குறைவதை எவரும் நேசிப்பதில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் தந்தையை இழந்ததை வீரச்சுவை பூசி மறைக்கும் வேலையை அவ்வாக்கியம் செய்கிறது. இரண்டாவது, ‘நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா, நிறுத்தியிருக்கலாமே’ என்பது. இதையும் நாம் ஏற்பதில்லை. அப்படிக் கேட்போர் அவர் 1985-இல் எரியும் காரை ஓட்டியபோது கேட்கவில்லை, அன்று கைதட்டினார்கள். புகழ் இருக்கும்போது ஆபத்து வீரமாகவும், புகழ் குறைந்தபின் அதே ஆபத்து பேதைமையாகவும் தெரிவதானால், நாம் மதிப்பது வீரத்தை அன்று, கூட்டத்தை.

சோதனை ஓட்டம் என்பது பந்தயத் தொழிலின் ஏட்டில் ஏறாத பாதி. பிறருக்குத் தெரியாத ஒரு களத்தில், வேலை நாளொன்றில், ஒரே நேர்பாதையை நூறுமுறை ஓட்டி, எஞ்சினின் ஒலியில் ஏதேனும் மாற்றம் உண்டா என்று கேட்டுச் சொல்வது. அதன் பயனை நுகர்வோர் பலர். செய்தவர் பெயர் எங்கும் வராது. உரையாசிரியர்கள் பாடபேதம் பார்த்துச் செலவிட்ட இரவுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஜூனில் லெ மான் நடந்தது. கப்பெல்லோ, ஐயெல்லோ ஆகியோருடைய காரில் கிறிஸ்தியன் பெஸ்கத்தோரி என்ற மற்றோர் இத்தாலியர் அமர்ந்தார். அக்கார் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்றதும் ஆர்8தான். அதை ஓட்டியவர்களுள் ஒருவர் கிறிஸ்டென்சன்.

*

வகுப்பில் ஆண்டுதோறும் நடுகல் பற்றிப் பாடம் எடுக்கிறோம். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வகுக்கும் ஆறு துறைகளையும் சொல்லி முடித்தபின் சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, போர் செய்து செத்தவங்களுக்கு மட்டும்தான் கல்லா? வேலை செய்து செத்தவங்களுக்கு இல்லையா?” பாடத்திட்டத்தில் இதற்கு விடையில்லை. ஆநிரை மீட்டு இறந்தவர்க்குக் கல் உண்டு என்றோம். “அதுவும் சண்டைதானே” என்றாள். மேற்கொண்டு சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. மணி அடித்தது நல்லதாயிற்று.

2021-இல் மோன்ஸா களத்தின் கடைசி வளைவுக்கு, பல்லாண்டுகளாகப் ‘பரபோலிகா’ என்று வழங்கிய அந்த நெடிய வளைவுக்கு, அல்போரெட்டோவின் பெயர் சூட்டப்பட்டது. என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத 1988 செப்டம்பரில் கெர்ஹார்ட் பெர்கரின் பின்னால் இரண்டாவதாக அவர் ஓடி முடித்த களம் அது. இத்தாலியர் நினைவுகூர விரும்பும் அல்போரெட்டோ, சிவப்புக் காரில் இருக்கும் அல்போரெட்டோ. அதை நாம் குறை சொல்லவில்லை. நடுகல்லில் பெயரும் பீடும் எழுத வேண்டும் என்பது மரபு. பெயரை எழுதிவிட்டார்கள். பீட்டில்தான் நமக்கு வழக்கு. 1985-இன் ஐம்பத்து மூன்று புள்ளிகளை மட்டும் எழுதி, வாட்கின்ஸ் கிளெனையும் லெ மானையும் செப்ரிங்கையும் எழுதாமல் விட்டால் கல் பாதி வெறுமையாக நிற்கும். லவுசிட்ஸ்ரிங்கின் அந்தப் புதன்கிழமையையும் நாம் அதில் சேர்ப்போம். அது வீரமரணம் என்பதற்காக அன்று. ஒரு தொழிலாளி தம் வேலையில் இருந்தார் என்பதற்காக.

அந்த மாணவிக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த முறை கேட்டால், கல் நடுவது நம் கையில் இல்லாவிட்டாலும் சொல்லைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது என்று சொல்லத் துணிவோம். இருபத்து மூன்றாம் வயதிலோ ஐம்பதாம் வயதிலோ, உலகம் ஒருகாலத்தில் கைதட்டிய ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றைச் செவ்வையாகச் செய்துகொண்டிருக்கும் எவரைப் பற்றி எழுத நேர்ந்தாலும், ‘முன்னாள்’ என்று எழுதுமுன் அவர் இன்று காலை எங்கே இருந்தார் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வோம். மாற்றுக் கருத்து உடைய நண்பர்கள் எழுதலாம். குறிப்பாக, 1985-இன் ஐந்து பந்தயங்களை இன்னும் மன்னிக்காதவர்கள்.